ஜெசிக்காவுக்குக் கடன் இல்லை

1

உள்ளதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை என் நெஞ்சில் ஊறி வந்ததல்ல. பிறந்தநாள் கேக் மாதிரி, ஓடர் கொடுத்துச் செய்வித்தது.

ஓடர் கொடுத்தவர் இந்திரகுமார். மெல்பேர்ணின் தென்கிழக்கில் இருக்கிற எங்கள் கல்வி மன்றத்தின் தலைவர், தொழிலால் கணக்காளர். நல்ல மனிதர் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்லியிருக்கிறேன். தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை தொலைபேசியில் வந்தார்.

"அண்ணை, மன்றத்தின்ர ஆண்டு மலருக்கு ஒரு கதை வேணும். எங்கட ஜெசிக்காவைப் பற்றி. படகில வந்த பிள்ளை, இண்டைக்குப் பல்கலைக்கழகம் போகுது. வாசிக்கிற சனத்துக்கு ஒரு உற்சாகம் வரவேணும். நாலு பக்கம் போதும். முடிவு பொசிட்டிவா இருக்கட்டும்."

"முடிவு இன்னும் நடக்கேல்லையே இந்திரகுமார்."

"நடந்ததுதானே அண்ணை. பிள்ளை பாஸ் பண்ணிப்போட்டுது."

எங்கள் ஆட்களுக்குப் பிள்ளை பாஸ் பண்ணினால் கதை முடிந்தது. பிறகு பிரியாணிதான். நானும் ஓம் என்றுவிட்டேன். இப்போது ஆனி மாதம். வெளியே குளிர் எலும்பைக் கடிக்கிறது. மலர் இன்னும் வரவில்லை, கதையும் முடியவில்லை. நீங்கள் கையில் வைத்திருப்பது இந்திரகுமார் கேட்ட கதை அல்ல. அதிலிருந்து உடைந்து விழுந்த துண்டுகள்.

2

முதல் தொடக்கம்:

"அலைகள் ஆர்ப்பரித்தன. இருண்ட சமுத்திரத்தின் நடுவே, அந்தச் சிறு படகில், தாயின் மடியைப் பற்றிக்கொண்டு நான்கு வயதுச் சிறுமி ஒருத்தி —"

இதை எழுதி முடித்ததும் எனக்கே கண் கலங்கியது. ஜெசிக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். அவள் சிரித்துவிட்டாள். "அங்கிள், படகில நான் நித்திரை. எனக்கு ஞாபகம் இருக்கிறது கிறிஸ்மஸ் தீவில தந்த நூடில்ஸ் மட்டும்தான். நல்ல உறைப்பு." அலைகளை அடித்துவிட்டேன்.

இரண்டாவது தொடக்கம், கட்டுரைப் பாணியில்:

"அமெரிக்காவில் படித்துவிட்டுக் கடனில் மூழ்கிக் கிடக்கும் பிள்ளைகளைப் பற்றி நாம் நிறையக் கேள்விப்பட்டிருக்கிறோம். நரை விழுந்த பிறகும் கல்லூரிக் கடன் கட்டுகிறார்கள். நல்லவேளை, அவுஸ்திரேலியாவில் —"

அந்த 'நல்லவேளை'யில் பேனா நின்றுவிட்டது. ஆனாலும் அதை விளக்காமல் கதை நகராது. பொறுத்துக்கொள்ளுங்கள், ஒரு பத்தி பொருளாதாரம்.

இந்த நாட்டுக் குடிமக்களின் பிள்ளை பல்கலைக்கழகம் போனால் கட்டணத்தைக் கையில் எடுத்துக் கட்டத் தேவையில்லை. அரசாங்கம் கடனாகக் கட்டும். பிள்ளை வேலைக்குப் போய், சம்பளம் ஓரளவுக்கு மேல் வந்த பிறகு, வரியோடு வரியாகக் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடிப்பார்கள். என் மகள் சிவகௌரிக்கும் அந்தக் கடன் இருக்கிறது. ஒவ்வொரு வருடமும் வரிக் காலத்தில் எனக்குப் போன் பண்ணி மூக்கால் அழுவாள். போன வருடம் எல்லோருடைய கல்விக் கடனிலும் ஐந்தில் ஒரு பங்கை அரசாங்கம் வெட்டியபோது, இந்திரகுமார் தன் மகனுக்காக வீட்டில் ஒரு பார்ட்டியே வைத்தார். நானும் போனேன். ஆட்டுக்கறி அருமை.

ஜெசிக்காவுக்குக் கடன் இல்லை. கடன் படுவதற்கு அவளுக்கு அனுமதி இல்லை.

குடும்பத்தின் அகதிக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டுவிட்டது. திருப்பி அனுப்பவும் இல்லை. பிரிட்ஜிங் விசா என்ற ஒன்றில், பேருந்தின் மிதிபலகையில் நிற்கிற மாதிரி, இத்தனை வருடமாகத் தொங்கிக்கொண்டிருக்கிறார்கள். வேலை செய்யலாம், வரி கட்டலாம், பள்ளிக்கூடம் போகலாம். பல்கலைக்கழக வாசலுக்கு வந்ததும் அவள் வெளிநாட்டு மாணவி. நாலு வயதிலிருந்து டண்டினொங்கில் வளர்ந்த பிள்ளை, தேசிய கீதத்தை நம் எல்லோரையும்விடப் பிழையில்லாமல் பாடுகிற பிள்ளை, வெளிநாட்டு மாணவி. கட்டணம் வெளிநாட்டுக் கட்டணம். அதுவும் முன்பணமாக. அவள் குடும்பம் ஒரு வருடம் சாப்பிடாமலும் வாடகை கட்டாமலும் இருந்தால் ஒரு வருடப் படிப்புக்குக் காணும்.*

* இப்படியான பிள்ளைகளுக்கென்று சில இடங்களில் உபகாரச் சம்பளம் உண்டு. விரல் விட்டு எண்ணலாம். ஜெசிக்கா விண்ணப்பித்தாள். அடுத்த வருடமும் முயற்சி செய்யும்படி பதில் வந்தது. மிகவும் மரியாதையான பதில்.

3

யோன் என்ற பாத்திரத்தில் எனக்குச் சந்தேகம் இருந்தது. வாசகர் நம்பமாட்டார் என்று பயந்தேன்.

யோன் ஜெசிக்காவின் தகப்பன். மன்னாரில் கடற்றொழில். இங்கே டண்டினொங் தெற்கில், மரக்கறியை உறைய வைத்துப் பைகளில் அடைக்கிற தொழிற்சாலையில் வேலை. ஒருமுறை பாரம் தூக்கி முதுகு பிடித்துக்கொண்டது. ஆஸ்பத்திரியில் மொழிபெயர்க்க ஆள் இல்லை, பள்ளிக்கூடச் சீருடையோடு மகள்தான் நின்றாள். கதிர்ப்படம் எடுத்த பெண் அந்தப் படத்தைத் திரையில் காட்டி, "உன் அப்பாவின் முதுகு இது" என்று சொன்னாளாம். அன்றைக்கு ஜெசிக்கா முடிவெடுத்துவிட்டாள். எக்ஸ்ரே எடுக்கிற படிப்பு.

"டொக்டருக்குப் படிக்கலாமே பிள்ளை?" என்று நானும் கேட்டிருக்கிறேன். கேட்காத தமிழர் உண்டா?

"டொக்டர் பிறகுதான் வருவார் அங்கிள். முதல்ல உள்ளுக்குப் பார்க்கிறது எக்ஸ்ரே எடுக்கிற ஆக்கள்தானே."

இப்படிப்பட்ட யோன் ஒரு பொய் சொன்னார். வாழ்நாளில் விசா அதிகாரிகளிடம்கூட உண்மையைத் தவிர வேறொன்றும் சொல்லாத மனிதர். (பொய் சொன்ன பலருக்கு விசா கிடைத்தது. அதை நான் எழுதவில்லை, நீங்களும் வாசிக்கவில்லை.) அவர் ஏன் பொய் சொன்னார் என்பதற்கு என் நோட்டில் பத்துக் காரணம் எழுதிப் பார்த்தேன். ஒன்றும் பொருந்தவில்லை. காரணம் யோனில் இல்லை. மண்டபத்தில் இருந்தது.

4

மண்டபம் ஸ்பிரிங்வேலில். பாராட்டு விழா. பள்ளி இறுதிச் சோதனையில் நன்றாகச் செய்த பிள்ளைகளை மேடைக்கு அழைத்துக் கௌரவிப்பது எங்கள் வழக்கம். பதாகையில் ஜெசிக்காவின் படம்தான் பெரிது. எனக்குப் பின்னால் இருந்த ராதா அன்ரி, "படகில வந்த ஆக்களின்ர பிள்ளையாம், பாருங்கோ!" என்றார். நாய்க்குட்டி பியானோ வாசித்த மாதிரி அவருக்கு ஆச்சரியம்.

பொன்னாடை, கேடயம், ஒரு குட்டிக் குத்துவிளக்கு. கத்தோலிக்கப் பிள்ளைக்குக் குத்துவிளக்கு கொடுக்கலாமோ என்று கமிட்டியில் ஒருவரும் யோசிக்கவில்லை. எல்லாப் பிள்ளைக்கும் அதுதான் வாங்கியிருந்தார்கள். தாய் கத்தரின் அதை இரண்டு கையாலும் வாங்கி மடியில் வைத்துக்கொண்டார்.

நிகழ்ச்சித் தொகுப்பாளர் சேஷாத்ரி. சென்னைக்காரர், நல்ல குரல். எக்ஸ்ரே படிப்பு அவருக்குச் சப்பென்று இருந்திருக்கவேண்டும். "மருத்துவத் துறையிலே காலடி எடுத்து வைக்கும் நம்ம ஜெசிக்கா!" என்று ஒரு படி தூக்கிவிட்டார். இந்திரகுமார் பேசினார். "இந்தப் பிள்ளையின்ர பின்னால எங்கட முழுச் சமூகமும் நிக்கும்!" கைதட்டல். உண்மைதான், குழுப்படத்தில் அவளுக்குப் பின்னால்தான் நிற்கிறோம். நான் இடமிருந்து மூன்றாவது.

பிறகு யோனையும் மேடைக்கு அழைத்தார்கள். அவருக்கும் ஒரு பொன்னாடை. கடன் வாங்கின கோட் தோளில் இறங்கி நின்றது. சேஷாத்ரி மைக்கை நீட்டினார்.

"அப்பா, ஒரு வார்த்தை சொல்லுங்க! பொண்ணு எப்போ காலேஜ் போறாங்க?"

யோன் மைக்கைப் பார்த்தார். எங்களைப் பார்த்தார். மகளைப் பார்க்கவில்லை.

"பெப்ரவரியில தொடங்குது," என்றார். "எல்லாருக்கும் நன்றி."

மண்டபம் அதிர்ந்தது. நான் எழுந்து நின்று தட்டினேன். விசா பற்றி எங்களில் ஒருவருக்கும் ஞாபகம் வரவில்லை. எங்கள் பிள்ளைகள் எல்லோரும் கடனில் படித்தவர்கள். கடன் என்பது குழாய்த் தண்ணீர் மாதிரி எல்லா வீட்டுக்கும் வரும் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

5

[இந்தப் பகுதியை எடுத்துவிட்டேன். விழா முடிந்து யோன் வீட்டில் நடந்ததை எழுதியிருந்தேன். ஜெசிக்கா பின்னொரு நாள் சொன்னவற்றோடு என் கற்பனையும் கொஞ்சம். வாசித்துக் காட்டியபோது, "அப்பா அழுததை எடுத்துவிடுங்கோ அங்கிள்," என்றாள். எடுத்த பிறகு பார்த்தால் மிச்சம் ஒன்றும் இருக்கவில்லை.]

6

சித்திரையில், யோன் மேடையில் சொன்னதை நம்பிக்கொண்டு, கதைக்கு விவரம் தேடி அலைந்தேன். எழுத்தாளனுக்கு விவரம் வேண்டும். மரம் எந்த மரம், நூலகத்தின் வாசல் எந்தப் பக்கம். ஜெசிக்காவுக்கு மெசேஜ் போட்டேன். உன் கம்பஸைக் காட்டு, மலருக்கு எழுதவேண்டும் என்று. "வியாழக்கிழமை வாங்கோ" என்று பதில் வந்தது.

நூலகத்துக்கு முன்னால் பையோடு நின்றாள். சுற்றிக் காட்டினாள், பாருங்கள், அப்படியொரு சுற்றிக்காட்டல்! எந்தக் கடையில் கோப்பி மலிவு, எந்த விரிவுரையாளர் நொடிக்கொருமுறை இருமுவார், எந்த ஹோலில் ஹீட்டர் வேலை செய்யாது. உடற்கூற்றியல் கஷ்டம் என்றாள். கை எலும்புகளின் பெயர்களை ஒவ்வொன்றாக என் கையிலேயே தொட்டுச் சொன்னாள். எனக்குப் பெருமை பிடிபடவில்லை. நோட்டில் எழுதி எழுதிக் கை நொந்தது.

நூலகத்துக்குள் போகலாம் என்றேன். கதவுக்கு மாணவர் அட்டை வேண்டும்.

"ஐயோ, கார்ட்டை வீட்டில விட்டிட்டன் அங்கிள்," என்றாள்.

அதையும் எழுதிக்கொண்டேன். "மறதி, மேதைகளின் உடன்பிறப்பு." இப்படி ஒரு வரியை நான் எழுதினேன். என்னை அடிக்கலாம்.

7

வைகாசியில் என் கார் மக்கர் பண்ணியது. டண்டினொங் தெற்கில் ஒரு கராஜில் விட்டுவிட்டு, மத்தியானம் பசிக்கு ஏதாவது கிடைக்குமோ என்று தெருவில் நடந்தேன். ஒரு தொழிற்சாலைக்கு முன்னால் சாப்பாட்டு வான் நின்றது. அதைச் சுற்றி இளைப்பாறுகிற தொழிலாளர்கள். பிளாஸ்டிக் பெட்டியைக் கவிழ்த்துப் போட்டு யோன் இருந்தார். பக்கத்துப் பெட்டியில் ஜெசிக்கா. இருவருக்கும் ஒரே செம்மஞ்சள் மேலங்கி. அவள் தலையில் வலைத்தொப்பி.

அவள்தான் முதலில் கண்டாள். எழும்பி விறுவிறுவென்று வந்தாள்.

"என்ன அங்கிள் இஞ்ச?"

"கார் விட வந்தனான். இண்டைக்கு லெக்சர் இல்லையோ பிள்ளை?"

வலைத்தொப்பியைப் பார்த்துக்கொண்டே கேட்டேன். எழுத்தாளனுடைய கூர்மையான அவதானம்!

அவள் ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு சிரித்தாள். "அங்கிள், சீரியஸ்லி?"

"அப்ப அந்தக் கம்பஸ்?"

"வியாழக்கிழமை எனக்கு இஞ்ச லீவு. அண்டைக்குப் போவன். பெரிய லெக்சர் ஹோல்தானே, பின்வரிசையில இருந்தா ஆரும் கேக்க மாட்டினம். நோட்ஸ் எல்லாம் இருக்கு. சோதினைதான் எழுதேலாது."

"ஏன் பிள்ளை ஒருத்தரிட்டயும் சொல்லேல்லை?"

"அப்பா சொல்லத்தான் வந்தவர். விழா அண்டு வேளைக்கே வந்து, இந்திரகுமார் அங்கிளிட்ட, ஒரு விசயம் கதைக்கோணும் எண்டவர். யூனிக் காசு சும்மா கேக்க இல்லை. மன்றம் கடனாத் தருமோ, மாசம் மாசம் கட்டுறம் எண்டு கேக்க. 'புறோகிராம் முடியட்டும், பிறகு கதைப்பம்' எண்டு சொல்லிப்போட்டார். பிறகு மைக்கைக் குடுத்தினம்."

"மைக்கில உள்ளதைச் சொல்லியிருக்கலாமே அம்மா."

"அவ்வளவு சனத்துக்கு முன்னாலயோ? பொன்னாடை தோளில கிடக்கேக்கையோ?"

அவள் குரலைத் தணித்தாள்.

"இப்ப நான் யூனிக்குப் போறன் அங்கிள். சேர்ச்சில, கடையில, கலியாண வீட்டில, எல்லா இடத்திலயும் போறன். அப்பா அவ்வளவு பேருக்கும் சொல்லிப்போட்டார். அவரைப் பொய்யராக்கேலாது. நீங்களும் கதை எழுதுறியள்தானே, பொய்தானே அதுவும்?"

"நான் ஏதாவது —" என்றேன்.

"எவ்வளவு?" என்று அவள் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். கேட்டிருந்தால் என் வங்கிக் கணக்கு, மகளின் வீட்டுக் கடன், என் ஓய்வூதியம் எல்லாம் வரிசையாக என் வாயில் வந்திருக்கும். அவளுக்கு அது தெரியும்.

"நீங்கள் கதையை முடியுங்கோ. அப்பாட்ட மட்டும் ஒண்டும் கேக்காதேங்கோ."

இதற்குள் யோன் என்னைக் கண்டுவிட்டார். முதுகைப் பிடித்துக்கொண்டு எழும்பினார். தெருவுக்குக் கேட்கக் கூவினார்.

"ஐயா! வாங்கோ! பிள்ளைக்கு இண்டைக்கு யூனியில லீவு. எனக்குச் சாப்பாடு கொண்டு வந்தவ!"

மகளின் செம்மஞ்சள் மேலங்கியில் தொழிற்சாலையின் பெயர் கொட்டை எழுத்தில் இருந்தது. அவரும் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"ஓம் ஓம்," என்றேன். "நல்லது. நல்லாப் படிக்கட்டும்."

8

முடிவுகள். வேண்டியதை எடுத்துக்கொள்ளுங்கள்.

(அ) இந்திரகுமார் இதை வாசித்துவிட்டு அழுகிறார். மன்றம் பணம் சேர்க்கிறது. ஜெசிக்கா அடுத்த பெப்ரவரி —

இதை நான் உண்மையிலேயே முயன்றேன். அவருக்குப் போன் பண்ணி முழுவதையும் சொன்னேன். "ஐயோ, எனக்குத் தெரியாமப் போச்சே அண்ணை," என்றார். மனம் நொந்துதான் சொன்னார், அதில் எனக்குச் சந்தேகமில்லை. அடுத்த மூச்சில், "ஆனா இதை மலரில போட்டா யோனுக்குத்தானே வெக்கக்கேடு? ஆரும் கேட்டா, பிள்ளை யூனிக்குப் போகுது எண்டே இருக்கட்டும். கமிட்டியில கதைச்சுப் பார்க்கிறன்," என்றார். கமிட்டி கதைத்தது. இந்த வருடம் மண்டபத்துக்கே செலவு கூடிவிட்டதாம். எனக்கு ஒதுக்கிய நாலு பக்கத்துக்கு ஒரு வீடு விற்பனைத் தரகரின் விளம்பரம் கிடைத்துவிட்டது.

(ஆ) கலியாணம். கமிட்டியில் கதைத்தது கசிந்து, ராதா அன்ரி மூக்கில் வியர்த்த மாதிரி யோன் வீட்டுக்கு வந்தார். தெரிந்த பையன், குடியுரிமை இருக்கிறது, வயது கொஞ்சம் கூட. "கலியாணத்தை எழுதிவிட்டா விசா வந்திடும், விசா வந்தா லோன் வந்திடும். பிள்ளை டொக்டருக்கே படிக்கலாம்!" கத்தரின் அந்தக் குத்துவிளக்கைக் கொண்டுவந்து அவர் முன்னால் வைத்து, "இதையும் கொண்டுபோங்கோ அன்ரி," என்றாராம். எனக்குப் பிடித்த முடிவு இது. ஆனால் இதனால் ஜெசிக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லை.

(இ) அமைச்சர் ஒருவர் குடும்பத்தின் விசாக் கோப்பை எடுத்துக் கையெழுத்துப் போடுகிறார். நடக்கலாம். ஒருவர் இருவருக்கு நடந்திருக்கிறது. அதை எழுத எனக்கு விரல் வரவில்லை. அது கதையல்ல, லொத்தர்ச் சீட்டு.

(ஈ) அவள் சம்பளத்தில் மிச்சம் பிடித்து, வருடத்துக்கு ஒரு பாடம் என்று காசு கட்டிப் படிக்கிறாள். அவளுடைய முடிவு இதுதான். "எனக்குப் பொறுமை இருக்கு அங்கிள்," என்றாள். கணக்குப் பார்த்தால், பட்டம் வாங்கும்போது அவளுக்கும் நரை விழுந்திருக்கும். அமெரிக்காவில் நரைத்த பிறகும் கட்டுகிறார்களே என்று இரண்டாவது தொடக்கத்தில் பரிதாபப்பட்டேன், ஞாபகமிருக்கிறதா? அவர்கள் படித்துவிட்டுக் கட்டுகிறார்கள்.

9

இதை அச்சுக்குக் கொடுக்கலாமா என்று அவளிடமே கேட்டேன். பேரை மாற்றச் சொன்னாள். மாற்றிவிட்டேன். ஊரை, படிப்பை, தொழிற்சாலையில் பைக்குள் போடுகிற பொருளைக்கூட மாற்றிவிட்டேன். இந்திரகுமார் இந்திரகுமார் இல்லை. ஆகவே, யார் அது என்று தேடிப் புறப்படாதீர்கள். தேடினாலும் ஒருத்தி அகப்படமாட்டாள். தகப்பன் சொன்ன சொல்லைக் காப்பாற்றிக்கொண்டு திரிகிற பிள்ளைகள் இந்த ஊரில் ஒன்றிரண்டல்ல.

முடிவை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் பொசிட்டிவாக எழுதிவிடுவேன். பழக்கதோஷம். அதை உங்களிடம் தருகிறேன், நீங்கள்தான் அதைச் சந்திப்பீர்கள்.

வருகிற சனிக்கிழமை ஸ்பிரிங்வேலில் மீன் வாங்க நிற்பீர்கள். அல்லது ஒரு கலியாண வீட்டில் சாப்பாட்டு வரிசையில். முன்னால் ஒரு பிள்ளை திரும்பிப் பார்த்து, "ஹலோ அன்ரி, ஹலோ அங்கிள்," என்று சிரிக்கும். விரல் நுனிகள் தொழிற்சாலைக் குளிரில் வெடித்திருக்கும். பக்கத்தில் தகப்பன் நிற்பார். அவர் உங்கள் வாயையே பார்த்துக்கொண்டிருப்பார்.

பிள்ளை எல்லாவற்றுக்கும் தயார். உடற்கூற்றியல் கஷ்டம் என்று சொல்லும். கை எலும்புகளின் பெயரைக் கேட்டால் பிசகாமல் சொல்லும்.

நீங்களும் நல்ல மனிதர். பிள்ளைகளில் அக்கறை உள்ளவர். ஏதாவது கேட்கவேண்டுமே என்று உங்களுக்கு இருக்கும். வாயைத் திறக்கிறீர்கள்.

"பிள்ளை, இப்ப என்ன —